இருபத்துமூன்று படங்களுக்கான ஒரு மதிப்பீடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் ஆறு வரிகள் என்னுடையவை அல்ல. அவற்றை நான் ஒட்டுக்கேட்டேன்.

இடுப்பு வலிக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். உடை மாற்றும் இடம் என்று அவர்கள் காட்டியது சுவருக்கும் திரைக்கும் நடுவே ஓர் ஆள் திரும்புமளவு இடைவெளி. மருத்துவமனை அங்கியின் நாடா முதுகுப்பக்கம் வரவேண்டுமா முன்பக்கம் வரவேண்டுமா என்று நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் இருவர் வந்து நின்றார்கள்.

"மொத்தம் எத்தனை தடவை?"

"இருபத்திமூணு."

"எல்லாம் ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான்."

"யாரு சார் அது?"

"என் வீட்டுக்காரிம்மா."

அப்புறம் காலடிச் சத்தம். அவசரமாகத் திரையை விலக்கினேன். (நாடா கட்டவில்லை. அதை விட்டுவிடுவோம்.) நடைபாதையில் யாரும் இல்லை. சக்கர நாற்காலி ஒன்று மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றது.

எனக்குக் கதை இப்படித்தான் வரும். முகம் வராது, வீடு வராது, மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பதும் தெரியாது. இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். நான் பின்னாலேயே ஓடி எழுதிக்கொள்வேன். என் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கவேண்டுமென்றால் இப்போதெல்லாம் நான்தான் எழுதியாகவேண்டும். அதனால் அந்த ஆறு வரிகளை விட மனம் வரவில்லை. ஒருவர் தன் மனைவியை இருபத்துமூன்று தடவை எதற்காக எக்ஸ்ரே எடுப்பார்? அந்தப் பெண் ஏன் எண்ணிக் கேட்கிறாள்?

இனி வருவதெல்லாம் ஊகம்.

2

தொடங்கிப் பார்த்தேன்.

"மனைவி இறந்து எட்டு மாதம் ஆன ஒரு திங்கட்கிழமை, அவர் தன் வாழ்நாள் குற்றத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு"

வேண்டாம். முதல் வரியிலேயே குற்றம் என்று தீர்ப்பு எழுதிவிட்டால் மிச்சத்தை நீங்கள் எதற்குப் படிக்கவேண்டும்?

"எக்ஸ்ரே கதிர் உடம்புக்குள் போகும்போது வலிக்காது, சுடாது, சத்தம் போடாது."

பாடப்புத்தகம் பேசுகிறது. ஆனால் உண்மைதான். சுட்டால் நோயாளியே "போதும்" என்று கத்திவிடுவார். கத்தாததால்தான் அளப்பதற்கென்று ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

"மில்லி மேடத்துக்கு எண்களை விட்டால் வேறு துணை"

துணையா? எண்ணிக் கேட்ட அந்தப் பெண்ணோடு எண்களும் தங்குவதில்லை. தாளில் ஏறியதும் வேறு அறைகளுக்குப் போய்விடுகின்றன.

சரி. தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன். அந்தப் பெண்ணிலிருந்து.

3

அவளுக்கு மில்லி என்று பெயர் வைத்தது மருத்துவமனை ஊழியர்கள். எதைக் கேட்டாலும் மில்லியில்தான் பதில் சொல்வாள்: இவ்வளவு மில்லிகிரே, இவ்வளவு மில்லிசீவர்ட் என்று கதிர் அளவுகளில். ஓர் எக்ஸ்ரே எடுத்தால் நோயாளியின் உடம்பு எவ்வளவு கதிரை வாங்கிக்கொள்கிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் அவள் வேலை. கீழ்த்தளத்தில் கடைசி அறை. கதவில் மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் போட்ட எச்சரிக்கைப் படம். உள்ளே இருப்பது ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஓட்டை விழுந்த ஒரு சுழல் நாற்காலி. கதிர் எதுவும் கிடையாது. இருந்தும் அந்தக் கதவுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. ஆட்கள் அந்த இடத்தில் நடையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறார்கள்.

உயிருள்ள உடம்பைத் திறந்து உள்ளே கருவி வைக்க முடியாது. அதனால் அவளிடம் ஒரு மாதிரியாள் உண்டு. தலையும் இல்லை, கையும் இல்லை. கண்ணாடி போலத் தெரியும் கனமான பிளாஸ்டிக் பலகைகள்தான். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மனித உடம்பு கதிரைத் தடுப்பதுபோலவே கிட்டத்தட்டத் தடுக்கும். ஒல்லியானவர் வேண்டுமென்றால் பலகையைக் குறைக்கலாம், பருத்தவர் வேண்டுமென்றால் கூட்டலாம். அவற்றைத் தள்ளுவண்டியில் வைத்து அவள் லிப்டுக்கு வரும்போதெல்லாம் லிப்டுக்காரர் கேட்பார்:

"என்ன மில்லி மேடம், வீட்டுக்காரர் இன்னிக்கு இளைச்சுப் போயிருக்காரே?"

"டயட்ல இருக்கார். நாலாவது மாடி போங்க."

இந்தப் பதிலை அவள் பதினொரு வருடமாகச் சொல்கிறாள். அவரும் பதினொரு வருடமாகச் சிரிக்கிறார். அன்றைக்கு அவளோடு யாராவது பேசுவது சிலசமயம் அத்தோடு முடிந்துவிடும்.

(இவளை முதல் வரைவில் ரொம்ப நல்லவளாக எழுதியிருந்தேன். வருகிறவர்களுக்குத் தண்ணீர் தருவாள், கண் கலங்குவாள். திரைக்கு அப்பால் நான் கேட்ட குரலில் கலக்கமே இல்லை. "எத்தனை தடவை?" என்றுதான் கேட்டாள். "ஐயோ" என்று சொல்லவில்லை. அதனால் தண்ணீர் டம்ளரை எடுத்துவிட்டேன்.)

4

"உட்காருங்க சார். எந்த டாக்டர் அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பலம்மா. நானேதான் வந்தேன். நானும் உங்க பக்கத்துத் தொழில்தான். முப்பத்தாறு வருஷம் படம் எடுத்திருக்கேன்."

"எக்ஸ்ரேயா?"

"பின்ன, சினிமாவா?"

இவரைப் படக்காரர் என்று அழைக்கப்போகிறேன். எழுபதைத் தொட்ட வயது, இஸ்திரி போட்ட சட்டை. பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"சொல்லுங்க சார்."

"நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி. சின்ன ஆஸ்பத்திரி. முதல் மெஷின் வந்துச்சு. மாட்டிக் குடுத்துட்டு, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு நேரம் வைக்கணும்னு ஒரு அட்டவணையும் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அதைப் பாத்து எடுத்தா கதிர் கூடிப்போய் எல்லாப் படமும் கரி. அந்த அட்டவணை போட்டவன் ஊர்ல எல்லாரும் கதவு சைஸ்ல இருப்பாங்க போல."

"மாதிரியாள் வச்சு சரிபண்ணியிருக்கலாமே?"

"நல்லா கேட்டீங்க. உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு." அவர் பையின் பிடியை முறுக்கினார். "திங்கட்கிழமை நோயாளிங்க வர்றாங்க, அதுக்குள்ள தயார் பண்ணுன்னுட்டார் பெரிய டாக்டர். வர்ற நோயாளிங்க மேலயே பழகிப் பாக்கலாம். அப்படியும் செஞ்சவங்க இருக்காங்க. எனக்கு மனசு வரல. நானே படுத்தா சுவிட்சை யார் போடுறது? வீட்டுல ஒருத்தி இருந்தா. ஒல்லியும் இல்ல, பருமனும் இல்ல. புது அட்டவணை போடறதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி."

மில்லி பேனாவை எடுத்தாள். "என்ன படம்?"

"இடுப்புக்கிட்ட முதுகெலும்பு. பக்கவாட்டுல. அதுதான் கஷ்டமான படம். அது சரியா வந்துட்டா மத்ததையெல்லாம் அதுலேர்ந்து கணக்குப் போட்டுக்கலாம். மூணு நாள் மத்தியானம் எடுத்தேன். நேரத்தை மாத்தி மாத்தி."

"மொத்தம் எத்தனை தடவை?"

இதற்குமேல் ஐந்து வரி உங்களுக்குத் தெரியும். நான் கேட்டபோது அவர்கள் நடைபாதையில் நின்றிருந்தார்கள். இங்கே உட்காரவைத்திருக்கிறேன். அவ்வளவு உரிமை எனக்கு உண்டென்று நினைக்கிறேன்.

"அவங்க இப்போ…"

"போன வருஷம் போயிட்டா. ரத்தத்துல புற்றுநோய். ஏன் வந்துச்சுன்னு கேட்டேன். காரணம் சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். நீங்க சொல்லுங்க. அவ உடம்புக்குள்ள என்னால எவ்வளவு போச்சு? எனக்கு ஒரு நம்பர் வேணும். எழுத்துல."

"நாப்பது வருஷம் கழிச்சு இப்போ எதுக்கு சார்?"

படக்காரர் பையின் வாயை விரித்து உள்ளே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஒரு பொண்ணு. அது நடந்து மூணு வருஷம் கழிச்சுப் பொறந்தவ. வெளியூர்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்ணுவா. நான் எடுப்பேன், 'இரு, அம்மாகிட்ட தர்றேன்'னு குடுத்துடுவேன். இருபது வருஷமா அவகிட்ட நான் பேசினது இந்த ஒரு வாக்கியம்தான். இப்போ குடுக்கறதுக்கு ஆள் இல்ல. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். அப்புறம் அவ ஒண்ணு கேப்பா: 'அம்மாவுக்கு ஏம்ப்பா வந்துச்சு?' எனக்குத் தெரியாதும்மாம்பேன். சரிப்பா வைக்கிறேன்னுடுவா. ரெண்டு நிமிஷம். முன்னெல்லாம் வாரா வாரம் கேட்டா. இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒருதடவைதான் கேக்குறா."

பையிலிருந்து ஒரு நீள நோட்டையும், மஞ்சள் உறையில் ஒரு பிலிமையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"எல்லாம் இதுல எழுதியிருக்கு. படம், தேதி, நேரம், வெளுத்துச்சா கறுத்துச்சா. பழைய நோட்டு நனைஞ்சு போச்சு. பாத்து மறுபடி எழுதினது. படத்துல ஒண்ணுதான் மிச்சம். பதினாலாவது. அதுதான் சரியா வந்துச்சு."

5

[இந்த இடத்தில் கதை நகரவில்லை. இரண்டு நாள் பேனாவை மூடிவைத்திருந்தேன். அப்புறம் படக்காரரின் வீட்டுக்காரி பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருபத்தாறு வயதுக் குரல்.

"ஏங்க, இந்த மேசை ஏன் இவ்வளவு சில்லுனு இருக்கு?"

"அசையாதே. மூச்சை இழு. பிடிச்சுக்கோ."

"எவ்வளவு நேரம்?"

"நான் விடச் சொல்ற வரைக்கும்."

"நீங்க விடச் சொல்ல மறந்துட்டா?"

"பேசாதேடி, பேசினா படம் ஆடும்."

கதவு சாத்தும் சத்தம். மெஷின் ஒரு முனகல் முனகி நிற்கும் சத்தம்.

"ஆச்சா?"

"ஆச்சு. கழுவிப் பாக்கணும்."

"ஏங்க, ஒண்ணு பண்ணலாமா? அடுத்ததுக்கு நீங்க படுங்க. நான் சுவிட்சைப் போடறேன். ஆளுக்குப் பாதி."

"உனக்கு அதெல்லாம் தெரியாது."

"ஒரு சுவிட்சு. லைட்டு போடத் தெரியாதா எனக்கு?"

"திரும்பிப் படு."

ஆளுக்குப் பாதி! இதை நான் கற்பித்தேனா, அவள் சொன்னாளா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. படக்காரர் மில்லியிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லமாட்டார். இது உங்களுக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.]

6

"சார், உள்ள எவ்வளவு போச்சுன்னு யாராலயும் அளக்க முடியாது. அதை முதல்ல புரிஞ்சுக்கோங்க. வெளிய எவ்வளவு விழுந்துச்சுன்னு அளந்து, உள்ளதை ஊகிக்கறதுதான் எங்க வேலை."

"தெரியும்மா."

"அதுக்கு அவங்க பருமன் வேணும். பக்கவாட்டுல படுத்தா இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் எத்தனை சென்டிமீட்டர்? நோட்டுல இல்லையே."

அவர் நோட்டைத் திருப்பினார். அதில் இல்லைதான். மற்றதெல்லாம் எழுதியவர் அதை எழுதவில்லை.

பிறகு அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க, மேசைக்கு மேலே காற்றில் நிறுத்தினார். கொஞ்சம் விலக்கினார், கொஞ்சம் நெருக்கினார். அப்படியே பிடித்தார்.

"இவ்வளவு."

மில்லி எழுந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

"கையை அசைக்காதீங்க."

ஓர் உள்ளங்கையில் நாடாவின் நுனியை வைத்து மற்றதுக்கு இழுத்தாள். இருபத்தெட்டு. எழுதிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது அவர் இன்னும் கைகளை இறக்கவில்லை.

"ஆச்சு சார். இறக்கிக்கலாம்."

"சரிம்மா," என்றார். சொல்லிவிட்டும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

(இங்கே மில்லியின் மனசுக்குள் நுழைந்து ஒரு பத்தி எழுதினேன். பதினொரு வருடத்தில் அவள் எத்தனையோ உடம்புகளை அளந்திருக்கிறாள், யாரும் ஓர் உடம்பை இப்படிக் கையில் வைத்துக் காட்டியதில்லை, தன் அளவை இப்படிக் காற்றில் காட்ட ஒருவர் என்று… அடித்துவிட்டேன். வெளியே இருந்து பார்த்தால் தெரிந்தது இவ்வளவுதான்: அவள் நாடாவைச் சுருட்ட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.)

மதியம் எக்ஸ்ரே அறை காலியானதும் இருவரும் பலகைகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிப்டுக்காரர் பலகைகளைப் பார்த்தார். கூட நின்ற கிழவரையும் பார்த்தார். அன்றைக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

பலகைகளை இருபத்தெட்டு சென்டிமீட்டருக்கு அடுக்கினார்கள். மேலே கருவியை வைத்தாள். பழைய மெஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். அதனால் இந்த மெஷினை அவர் சொன்ன பழைய சக்திக்குக் குறைத்து வைத்தாள். தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வந்தார்கள். படக்காரர் கேட்டார்:

"நான் போடட்டுமா?"

அவள் விலகிக்கொண்டாள். சுவிட்சில் கட்டைவிரலை வைத்தவர், பழக்கதோஷம், பலகைகளைப் பார்த்துச் சொன்னார்:

"மூச்சை இழு. பிடிச்சுக்கோ."

மெஷின் முனகி அடங்கியது. எண் வந்தது. மில்லி எழுதினாள். படக்காரர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் மிக மெதுவாக,

"ம். விடு," என்றார்.

7

மூன்று நாள் கழித்து அவரை வரச்சொன்னாள். மஞ்சள் உறையிலிருந்த பிலிம் சுவரிலிருந்த விளக்குப்பெட்டியில் மாட்டியிருந்தது. முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாகத் தெளிவாக இறங்கியது. மூலையில் ஈயத்தில் வைத்த எண்: 14.

"நல்ல படம் சார்."

"அருமையான படம்மா. அதை வச்சுத்தான் அட்டவணையே போட்டேன். நான் வேற ஆஸ்பத்திரிக்குப் போனப்புறமும் பன்னெண்டு வருஷம் அந்தச் சுவத்துல ஒட்டியிருந்துச்சு."

"இதுக்கு நோட்டுல ஆறு விநாடின்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"இருபத்தெட்டு சென்டிமீட்டர் உடம்புக்கு, நீங்க சொன்ன மெஷின்ல, ஆறு விநாடி வச்சா இந்தப் படம் எப்படி இருக்கும்?"

படக்காரர் காலி உறையை எடுத்து மேசை ஓரத்தோடு நேராக வைத்தார்.

"கரி மாதிரி இருக்கும். எலும்பு எது சதை எதுன்னு தெரியாது. ஒன்றரை விநாடி வச்சாதான் இப்படி வரும். இருபத்திமூணு வரியையும் நீங்க எழுதின வெளுப்பு கறுப்போட வச்சுப் பாத்தேன். எல்லாமே நாலு மடங்கு. ஒண்ணுகூடத் தப்பாம நாலு மடங்கு. தப்பாப் பாத்து எழுதினா அங்கங்க தப்பும் சார். இப்படி ஒழுங்காத் தப்பாது."

படக்காரர் விளக்குப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றரைன்னு வச்சா எவ்வளவு வருது?"

"எல்லாம் சேத்து இருபது மில்லிசீவர்ட். பதினஞ்சா இருக்கலாம், முப்பதா இருக்கலாம். இன்னிக்கு ரெண்டு தடவை வயித்துக்கு சி.டி. எடுத்தா அவ்வளவு வந்துடும். ஆயிரம் பேருக்கு இவ்வளவு குடுத்தா அதனால ஒருத்தருக்குப் புற்றுநோய் வரலாம்னு ஒரு கணக்கு. அதே ஆயிரம் பேர்ல இது இல்லாமலே சில நூறு பேருக்கு வரும். அதுவும் ரத்தத்துல வர்றது நாப்பது வருஷம் காத்துக்கிட்டு இருக்காது. வர்றதா இருந்தா பெரும்பாலும் முன்னாடியே வந்திருக்கும். நீங்க காரணம் இல்ல சார். உறுதியா இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா இல்லன்னுதான் சொல்லணும்."

இந்த இடத்தில் அவர் நிம்மதியாக மூச்சு விடவேண்டும். முதல் வரைவில் விட்டார். எனக்கே படிக்கச் சகிக்கவில்லை.

"நோட்டுல இருக்கற மாதிரியே கணக்குப் போட்டா?"

"எண்பது வரும்."

"அதையே எழுதிக் குடுங்கம்மா."

"சார்!"

"எண்பதுன்னா சொல்லலாம். இருபதுன்னா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

"உங்க பொண்ணுகிட்டயா? என்னாலதான் அம்மா செத்தான்னு சொல்லப் போறீங்களா? அப்புறம் அவ பேசவே மாட்டா சார்."

"திட்டவாவது செய்வாம்மா. திட்டறதுக்கு ரெண்டு நிமிஷம் போதாது."

8

ஓர் இடைமறிப்பு. இந்த இடத்தில் நான் படக்காரரோடு சண்டை போட்டேன். எழுதியவளுக்கு அந்த அனுமதி உண்டு.

"முப்பத்தாறு வருஷம் படம் எடுத்தவர் நீங்க. ஆறு விநாடி வச்சா படம் கரியாயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்போ பொய்க் கணக்கு எழுதிக்கிட்டு, அந்தப் பொய்யைக் காட்டிக்குடுக்கற பிலிமையும் எதுக்குக் கூடவே எடுத்துட்டு வந்தீங்க? ஒரு கொலைகாரன்கூட இப்படிச் செய்யமாட்டான். என் கதையே உங்களால நம்பும்படியா இல்ல."

"படத்தைக் கொண்டுபோகாம எப்படிம்மா? வேற என்ன இருக்கு என்கிட்ட?"

"போட்டோ இல்லையா?"

"போட்டோ எல்லார்கிட்டயும் இருக்கு. கல்யாணத்துல எடுத்தது, பொண்ணு பொறந்தப்போ எடுத்தது. அவளை உள்ள பாத்தவன் நான் ஒருத்தன்தான். யாராவது ஒருத்தர் அதைப் பாத்து 'நல்ல படம்'னு சொல்லணும்னு இருந்துச்சு. அந்தம்மா சொன்னாங்க. நீங்கதான் எழுதினீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவள் 'நல்ல படம் சார்' என்றபோது, நோட்டின் பொய்யைப் பிடிக்கத் தூண்டில் போடுகிறாள் என்றுதான் நான் நினைத்து எழுதினேன்.

9

இனி முடிவு. மூன்று எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன்.

முதல் முடிவு. மில்லி 'இருபது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறாள். அவர் நன்றி சொல்லி மடித்து வைத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன். மாத்திரை? போட்டேன். அந்த வாரம் அவள் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. இந்த முடிவில் எல்லாக் கணக்கும் சரி, ஒரு பொய் இல்லை. நான் அந்த வீட்டில் அரைப் பக்கத்துக்கு மேல் இருக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது. மில்லி, 'நோயாளியின் கணவர் தந்த குறிப்புகளின்படி எண்பது' என்று எழுதுகிறாள். குறிப்புகளின்படி என்ற ஒரு சொல்லால் அவள் மனசாட்சிக்கும் சேதமில்லை. மகள் அடுத்த வண்டியிலேயே வருகிறாள். கதவைத் திறந்ததும்… இல்லை. மில்லி இப்படி எழுதமாட்டாள். அறைக்கு வெளியே பெஞ்சு காலியாகக் கிடக்கிறதே என்பதற்காக எண்ணை மாற்றுகிறவளாக இருந்தால், பதினொரு வருடத்தில் எத்தனையோ எண்களை மாற்றி எத்தனையோ பேரை உட்காரவைத்திருக்கலாம்.

மூன்றாவது. மில்லி சொல்கிறாள்: "உங்க பொண்ணுகிட்ட பேசறதுக்கு நம்பர் எதுக்கு சார்? அந்த மூணு மத்தியானத்தையும் சொல்லுங்க. மேசை சில்லுனு இருந்தது, கழுவிக் கழுவிப் பாத்தது, பதினாலாவது சரியா வந்தது. அவ அம்மாவைப் பத்தித்தானே?"

இது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. மேசை சில்லென்று இருந்தது மில்லிக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரி அதை என்னிடம்தான் சொன்னாள். அப்படியென்றால் இது மில்லியின் குரல் இல்லை, அவள் வாயில் நான் பேசுகிறேன். படக்காரரும் இதற்கு மசியவில்லை.

"நம்பர் இல்லாம சொன்னா அது கதைம்மா. நம்பரோட சொன்னாதான் அது நான் செஞ்சது."

இந்த ஒரு வரியோடு மூன்று முடிவுகளும் போயின.

10

மிஞ்சியது இதுதான்.

அவள் 'இருபது' என்று எழுதினாள். அடியில், பதினைந்து முதல் முப்பது வரை இருக்கலாம் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பிலிமை விளக்குப்பெட்டியிலிருந்து இறக்கி, ஓரங்களை மட்டும் பிடித்து, உறையில் போட்டுக் கொடுத்தாள். நோட்டை அவர் வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்கோங்க," என்றார். படியேறிப் போனார். அவர் அந்தப் பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனதாக எழுதலாம். எழுதவில்லை. உட்காரவில்லை.

அன்று புதன்கிழமை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தொலைபேசிக்குப் போனார். மகளின் எண் அவருக்கு மனப்பாடம் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த சீட்டில், மனைவியின் கையெழுத்தில், மிகப் பெரிய எண்களாக எழுதியிருந்தது. கண்ணாடி இல்லாமல் அவர் படிக்கட்டும் என்று அவள் அப்படி எழுதியிருக்கவேண்டும். ஒவ்வொன்றாக அமுக்கினார்.

"அப்பா? என்னப்பா, என்ன ஆச்சு? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாம நீங்க போன் பண்ணமாட்டீங்களே! புதன்கிழமை! விழுந்துட்டீங்களா?"

"விழலம்மா. நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்னப்பா? சீக்கிரம் சொல்லுங்க."

"அம்மாவுக்கு ஏன் வந்துச்சுன்னு கேப்பியே."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம்.

"உங்கம்மாவை நான் இருபத்திமூணு படம் எடுத்தேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடி. நோய்க்காக இல்ல. மெஷினுக்காக. அதனாலயான்னு இன்னிக்குக் கேட்டுட்டு வந்தேன். இருபதுதான்னு எழுதிக் குடுத்துட்டாங்க, அதனால இருக்காதுன்னாங்க. ஆனா எடுத்தேன்."

அடுத்த வரி மகளுடையது.

ஐந்து நாளாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கதையில் எல்லாரும் என்னிடம் பேசிவிட்டார்கள். செத்துப்போனவள்கூடப் பேசிவிட்டாள். லிப்டுக்காரர் பேசினார். இவள் பேசமாட்டேன் என்கிறாள். திட்டுகிறாளா, அழுகிறாளா, "இதைச் சொல்லவா பயமுறுத்தினீங்க" என்று சிரிக்கிறாளா, "சரிப்பா, வைக்கிறேன்" என்கிறாளா? எதை எழுதினாலும் அது என் குரலாகவே இருக்கிறது. எனக்கு இப்படி ஒரு போன் யாரும் செய்ததில்லை. அதனால் தெரியவில்லை.

உங்களுக்குக் கேட்டால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.

"…………………………………………"

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் போனை வைத்துவிட்டாள் என்று எழுதுவதானால் எழுதுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அவரை உடனே ரிசீவரை வைக்கச் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருக்கட்டும்.